ஒரு கோடு, ஒரு குப்பைத்தொட்டி

எல்லோரும் பார்க்கிற படத்தை எப்படி எழுதுகிறார்கள்?

சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் வாடகைக்கு எடுத்த மாடி அறைகளில் நடக்கிறது எங்கள் வேலை. தரையில் பாய், சுவர் முழுக்க ஒட்டிய சீன் சீட்டுகள், ஃபிளாஸ்க்கில் டீ, வாசலில் செருப்புக் குவியல். இதற்குக் கதை விவாதம் என்று பெயர். நாங்கள் சொல்வது 'டிஸ்கஷன்'. உதவி இயக்குநராக இருந்து, பிறகு இந்த அறைகளிலேயே தங்கிவிட்டவன் நான். மற்றவர்கள் கொண்டுவரும் கதைகளைப் பிரித்துப்போட்டுத் திரும்பக் கோப்பதுதான் பிழைப்பு. பேய்க்கதையோ, போலீஸ் கதையோ, காதல் கதையோ, எதுவாக இருந்தாலும் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தே தீரும்: "ஃபேமிலி ஆடியன்ஸுக்கு இதுல என்ன சார் இருக்கு?"

கேள்வியில் தப்பில்லை. தனியாகப் படத்துக்குப் போகிறவர் ஒரு டிக்கெட் வாங்குவார். பாட்டி முதல் பேரன் வரை கிளம்பினால் ஒரு வரிசையே நிரம்பும். சான்றிதழும் இதில் சேர்ந்துகொள்கிறது. 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006-ல் தமிழக அரசு அறிவித்தது. 2011-ல் 'யு' சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. ஜி.எஸ்.டி. வரும்வரை, ஒரு கெட்ட வார்த்தைக்கும் ஒரு வெட்டுக் காயத்துக்கும் என்ன விலை என்று கணக்குப் பார்த்தே வசனம் எழுதினோம்.

கேள்வி சரிதான். அதற்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்தான் படத்தைக் கெடுக்கிறது. "இளவட்டங்களுக்கு இரண்டு ஃபைட் இருக்கு, லேடீஸுக்கு அம்மா சென்டிமென்ட் இருக்கு, குழந்தைங்களுக்கு ஒரு நாய்க்குட்டி இருக்கு, எல்லாருக்கும் காமெடி டிராக் தனியா இருக்கு" என்று பட்டியல் போடுவோம். இப்படிப் பங்கு பிரித்து எழுதிய படத்தில் ஒருவருக்கான பத்து நிமிடம் ஓடும்போது மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

இதை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்கவில்லை. திருமங்கலத்தில் ஒரு தியேட்டரில் அப்பா கேன்டீன் குத்தகைக்கு எடுத்திருந்தார். முறுக்குத் தட்டும் சோடாக் கிரேட்டும் சுமந்துகொண்டு நான் திரையைப் பார்த்ததைவிடப் பார்க்க வந்தவர்களைப் பார்த்ததுதான் அதிகம். எந்தப் பாட்டுக்கு ஆண்கள் பீடி பிடிக்க எழுந்து வருகிறார்கள், எந்தக் காட்சியில் அழுகிற குழந்தையை வெளியே தூக்கிவர அம்மாவுக்கு மனசு வரவில்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். யாருமே எழுந்து வராத படங்களில் காமெடி டிராக் தனியாக இருந்ததில்லை; சண்டை தனியாக இருந்ததில்லை. எல்லாம் ஒரே முடிச்சிலிருந்து கிளம்பி வந்தன.

வீட்டுக்கு நடுவே ஒரு கோடு

முடிச்சு என்றால் என்ன என்று புதிதாக எழுத வருகிறவர்கள் கேட்பார்கள். 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். விசு எழுதி இயக்கி, ஏவி.எம். தயாரித்து, 1986-ல் வந்தது. மேடை நாடகத்திலிருந்து வந்தவர் விசு. அதனால் ஒரே வீடு, நிறைய ஆட்கள், ஓயாத பேச்சு. காரில் துரத்துவதும் கிடையாது, வெளிநாட்டுப் பாட்டும் கிடையாது. வீட்டுச் செலவுக் கணக்கில் அப்பாவுக்கும் சம்பாதிக்கிற மூத்த மகனுக்கும் வாக்குவாதம் முற்றுகிறது. அப்பா அம்மையப்ப முதலியார் தன் மனைவியைக் கூப்பிட்டு, வீட்டுக்கு நடுவே ஒரு கோடு கிழிக்கச் சொல்கிறார். கூட்டுக்குடும்பம் இரண்டாகிறது.

அந்தக் கோட்டைப் பார்க்கும் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் நிற்கிறார்கள். பென்ஷன் வாங்கும் பெரியவர் அப்பா பக்கம். மாதச் சம்பளத்தில் முக்கால்வாசியை வீட்டுக்குக் கொடுக்கும் மகன், வெளியே சொல்லாவிட்டாலும், மூத்த மகனாக நடித்த ரகுவரன் பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மருமகள்கள், மூத்த மருமகளாக நடித்த லட்சுமி பக்கம். வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து மனோரமா சிரிக்கவைத்ததும் இதே சண்டையை வைத்துத்தான். மகனும் கெட்டவன் இல்லை. அவனிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்து மறுபடி ஒன்றாகிவிடுவார்கள் என்று அரங்கமே காத்திருக்க, மூத்த மருமகள் தனிக்குடித்தனமே இருக்கட்டும், அன்பு கெடாமல் இருக்க அதுதான் வழி என்று முடிவெடுக்கிறாள். அந்தக் காலத்துக் குடும்பப் படத்துக்கு அது துணிச்சலான முடிவு. இரு பக்கத்து நியாயத்தையும் இரண்டரை மணி நேரம் எடுத்து வைத்திருந்ததால்தான் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். படம் தேசிய விருதும் வாங்கி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று போனது. அந்த வீட்டுத் தகராறு எல்லா ஊரிலும் இருக்கிறது.

நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கதையின் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் புரிய வேண்டும். அந்தப் பிரச்சினையில் இரண்டு பேருக்காவது நியாயம் இருக்க வேண்டும். எங்கள் பேச்சில் அந்த ஒரு வாக்கியம்தான் 'ஒன் லைன்'.

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது

ஒன் லைன் கிடைத்ததும் 'சீன் ஆர்டர்' போடுவோம். காட்சிகளைச் சீட்டுகளில் எழுதி வரிசைப்படுத்துவது. வெளியில் இருப்பவர்கள் திரைக்கதை என்றால் வசனம் என்று நினைக்கிறார்கள். வசனம் கடைசியில் வருவது. திரைக்கதை எழுதுகிறவரின் முதல் வேலை, எந்தச் சங்கதியை யாருக்கு எப்போது தெரியப்படுத்துவது என்று தீர்மானிப்பது.

இதில் கே. பாக்யராஜ் பெரிய வாத்தியார். 1983-ல் வந்த 'முந்தானை முடிச்சு'க்கு முருங்கைக்காய்ப் படம் என்றே பெயர் ஆகிவிட்டது. ஆனால் படத்தைத் தாங்குவது அந்தச் சமையல் இல்லை. மனைவியை இழந்து, கைக்குழந்தையோடு கிராமத்துப் பள்ளிக்கு வருகிறார் வாத்தியார். அவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பரிமளம், அவர் தன்னைக் கெடுத்துவிட்டதாக ஊர்ப் பஞ்சாயத்தில் பொய் சொல்லி, குழந்தையைத் தாண்டிச் சத்தியமும் செய்துவிடுகிறாள். அவள் சொல்வது பொய் என்று நமக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர்கள் ஒரே வீட்டில் சோறு தின்னும் காட்சிகூடச் சூடாகிவிடுகிறது. வாத்தியாரின் கோபம் நியாயம். பரிமளம் செய்தது தப்பு, ஆனால் அவள் ஆசை பொய்யில்லை. பெண்கள் பகுதியில் அவளைத் திட்டிக்கொண்டே அவள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முந்தைய 'அந்த 7 நாட்கள்' படத்தில் அவர் இன்னும் கடினமான வேலையைச் செய்தார். வேறொருவனைக் காதலிக்கும் பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். விஷயம் தெரிந்த கணவனே அவளை அந்தக் காதலனிடம் சேர்த்துவைக்கப் புறப்படுகிறான். கணவன் நல்லவன், காதலன் அப்பாவி, அவளும் குற்றமற்றவள். வில்லன் என்று யாரையும் கை காட்டாமலே அரங்கம் முழுக்கப் பதற வைத்தார். முடிவு சரியா தப்பா என்று ஜனங்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். படம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு வாக்குவாதம் வந்துவிட்டால், அடுத்த வாரக் கூட்டத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

சங்கதியை மறைப்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். 1995-ல் வந்த 'பாட்ஷா'வில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கம், தங்கைக்கு இடம் கேட்டு மருத்துவக் கல்லூரி நிர்வாகியின் அறைக்குள் போகிறார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்கிறோம். என்ன பேசினார் என்று நமக்குக் கேட்கவில்லை. எதிரில் இருப்பவர் நடுங்குவது மட்டும் தெரிகிறது. இவன் சாதாரண ஆள் இல்லை என்பது புரிகிறது. யார் என்பதுதான் தெரியவில்லை. அதன்பின் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போதும் மாணிக்கம் வாங்கிக்கொள்கிறார். திரையில் இருப்பவர் ரஜினிகாந்த் என்பதால் எப்போது திருப்பி அடிப்பார் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பை அவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்ததால்தான், தங்கைக்கு ஆபத்து என்றதும் அவர் கை ஓங்கியபோது தியேட்டர் கிழிந்தது. சண்டையே பிடிக்காத பெண்களும் அந்தச் சண்டைக்குக் கைதட்டினார்கள். அது ஓர் அண்ணனின் சண்டை.

இடைவேளை என்கிற சட்டம்

ஹாலிவுட் திரைக்கதைக்கு இலக்கணம் சொன்னதாக எல்லோரும் காட்டுவது சிட் ஃபீல்ட் 1979-ல் எழுதிய 'ஸ்கிரீன்பிளே' புத்தகம். தொடக்கம், மோதல், தீர்வு என்று மூன்று அங்கம். சுஜாதா எழுதிய 'திரைக்கதை எழுதுவது எப்படி?' இந்தச் சமாச்சாரங்களைத் தமிழில் எளிமையாகக் கொண்டுவந்தது. இரண்டையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் சிட் ஃபீல்ட் மனதில் வைத்த படம் ஒரே மூச்சில் ஓடி முடிவது. நம் ஊரில் நடுவில் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, ஜனங்களை வெளியே அனுப்புகிறோம். அவர்கள் டீ குடித்துக்கொண்டே பாதிப் படத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதனால் எங்களுக்கு உச்சங்கள் இரண்டு: 'இன்டர்வல் பிளாக்', 'கிளைமாக்ஸ்'.

நல்ல இடைவேளை ஒரு கேள்வியை முடித்து அதைவிடப் பெரிய கேள்வியைத் திறக்கும். ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் எடுத்து, 2015-ல் தமிழில் 'பாபநாச'மாகச் செய்த கதையில் முன்பகுதி பெரும்பாலும் வீட்டுச் சமாச்சாரம். கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கத்தின் சிக்கனம், சினிமாப் பைத்தியம், மனைவியோடு செல்லச் சண்டை, மகள்களின் ஆசைகள். அவசரப்படுகிறவர்கள் அந்தப் பகுதியை வெட்டச் சொல்லியிருப்பார்கள். வெட்டியிருந்தால் படமே இல்லை. பிற்பகுதியில் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒவ்வொரு கருவியும் முன்பகுதியில் சிரிக்கச் சிரிக்கக் கையில் கொடுக்கப்பட்டதுதான். படம் பார்த்துப் பார்த்தே சட்டம் கற்ற மனிதன், பஸ் டிக்கெட்டையும் ஓட்டல் பில்லையும் சாட்சியாக்குகிறான். முன்னால் நடுவதை 'லீட்' என்போம், பின்னால் அறுவடை செய்வதை 'பே ஆஃப்' என்போம்.

அதிலும் எதிர்த்தரப்புக்கு நியாயம் இருக்கிறது. விசாரிக்கும் போலீஸ் அதிகாரி, மகனைத் தொலைத்த ஓர் அம்மா. இந்த அம்மாவும் அந்த அம்மாவும் எதிரெதிரே நிற்கும்போது பார்க்கிறவருக்கு யார் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. அதே கதை தெலுங்கு, கன்னடம், இந்தி மட்டுமில்லாமல் 2017-ல் சிங்களத்திலும் 2019-ல் சீன மொழியிலும் படமானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழில் செய்தபோது, எல்லோருக்கும் புரியட்டும் என்று பொதுத்தமிழில் பேசவிடவில்லை. ஜெயமோகன் வசனத்தில் கமல்ஹாசன் அசல் திருநெல்வேலித் தமிழ் பேசினார். சேலத்துக்காரருக்கு ஒன்றிரண்டு சொல் பிடிபடாமல் போயிருக்கலாம், பயம் பிடிபட்டது. "பான் இந்தியா" என்று சொல்லி, எந்த ஊரிலும் நடக்காத கதையை எந்த ஊர் மொழியும் இல்லாமல் எழுதுகிறவர்கள் இதை யோசிக்கலாம். 2024-ல் வந்த 'லப்பர் பந்து' உள்ளூர் மைதானத்தை விட்டு வெளியே போகவே இல்லை. மாமனாரும் வருங்கால மாப்பிள்ளையும் எதிரெதிர் அணி. கிரிக்கெட் தெரியாத பெண்களும் ரசித்தார்கள், ஏனென்றால் புருஷன் விளையாடும் பிட்ச்சை டிராக்டர் விட்டு உழுகிற மனைவி அதில் இருந்தாள்.

குழப்பமான கதை, எளிய கேள்வி

"ஜனங்களுக்குப் புரியாது, முன்னே பின்னே மாற்றாதே" என்பது அறைகளில் நிறையக் கேட்கும் இன்னொரு வாக்கியம். நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா' அதற்குப் பதில். காலவரிசையை இஷ்டத்துக்குக் கலைத்துப்போட்ட திரைக்கதை. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கொடுத்துவிட்டார்: சலூன் வைத்திருக்கும் ஒரு மனிதன் காவல் நிலையத்துக்கு வந்து, தன் வீட்டுக் குப்பைத்தொட்டியைத் திருடிவிட்டார்கள், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறான். அடித்தாலும் போகமாட்டேன் என்கிறான். ஒரு குப்பைத்தொட்டிக்காக ஏன் இந்தப் பாடு? இந்தக் கேள்வி எந்த வயதுக்கும் புரியும். அது மனதில் இருக்கும்வரை வருடங்கள் முன்னே பின்னே போனாலும் யாரும் தொலைந்துபோவதில்லை. 2024 நவம்பரில் சீனத் திரையரங்குகளுக்கும் போனது படம்.

கண்டக்டரின் பணப்பை

இதையெல்லாம் மேசையில் எப்படிச் செய்கிறோம் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். எழுத வந்த ஓர் இளைஞர் கொண்டுவந்த கதை இது. ஓய்வுபெற ஒரு வாரமே இருக்கும் அரசுப் பேருந்துக் கண்டக்டர். வசூல் பணப்பை காணாமல் போகிறது. எடுத்தவன் யார் என்று தேடுகிறார். வழியில் பஸ் ஸ்டாண்டில் ஒரு சண்டை, மகளுக்கு ஒரு காதல் பாட்டு, டிரைவராக ஒரு காமெடி நடிகர். கடைசியில் எடுத்தது அவருடைய மகனே என்று தெரிகிறது.

மோசமில்லை. ஆனால் மகன்தான் என்பது கடைசிவரை ஒளிந்திருப்பதால் நடுவில் உள்ள எல்லாக் காட்சிகளும் வெறும் தேடலாகிவிட்டன. கடைசிச் சீட்டை எடுத்து முன்னால் ஒட்டினோம். ஆன்லைன் ரம்மியில் விட்ட கடனுக்காகப் பையன் பையை எடுப்பதைப் பத்தாவது நிமிடத்திலேயே நாம் பார்த்துவிடுகிறோம். அப்பாவுக்குத் தெரியாது. இப்போது அப்பாவும் மகனும் ஒரே தட்டில் இட்லி சாப்பிடும் காட்சியிலும் வயிறு பிசைகிறது. சிரிக்கவைக்க வந்த டிரைவர், எடுத்தவனுக்குக் கை விளங்காமல் போகட்டும் என்று அந்தப் பையன் முன்னாலேயே சாபம் விடுகிறார். ஜனங்கள் சிரிப்பார்கள், பையன் வேர்ப்பான். காமெடி டிராக் கதைக்குள் வந்துவிட்டது. பாட்டு போனது, யாருக்கும் வருத்தமில்லை.

அடுத்து அம்மா. முதல் வடிவத்தில் சாமி கும்பிடவும் அழவும் மட்டும் வந்தாள். இப்போது பரணில் காலிப் பையைக் கண்டுபிடிக்கிறவள் அவள்தான். புருஷனிடம் சொன்னால் மகன் ஜெயிலுக்கு. சொல்லாவிட்டால் முப்பது வருஷம் ஒரு ரூபாய் தொடாத மனிதருக்குத் திருட்டுப் பட்டம், பணிக்கொடையும் நிற்கும். அவள் பையை மறுபடி பரணிலேயே ஒளித்துவைக்கிறாள். இடைவேளை. வெளியே டீ குடிக்கும் ஒவ்வொருவரும் அவள் செய்தது சரியா என்று பேசியாக வேண்டும். இளைஞர்களுக்கு, பெண்களுக்கு, பெரியவர்களுக்கு என்று தனித்தனியாக நாங்கள் எதையும் போடவில்லை. ஒரே பணப்பையை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சித்தியின் கேள்விகள்

கதை ஒரு வடிவத்துக்கு வந்ததும் நான் திருமங்கலத்தில் சித்திக்கு போன் போடுவேன். ரேஷன் கடை, பேத்தியின் ஸ்கூல் வேன், மாலைச் சீரியல் என்று அவர் வேலைகளுக்கு நடுவில் சொல்ல வேண்டும். கவனமாகக் கேட்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வதே இல்லை. தியேட்டரிலும் யாரும் அப்படி உறுதிமொழி கொடுத்துவிட்டு உட்காருவதில்லை. கண்டக்டர் கதையைச் சொன்னபோது பாதியில் நிறுத்தினார்.

"ஏன்டா, அந்த மக என்ன ஆனா? நிச்சயம் பண்ணப்போறாகன்னியே?"

"அது அப்புறம் வருது சித்தி."

"அப்புறம் என்ன அப்புறம்? அப்பன் பேரு கெட்டுப்போச்சுன்னா மொதல்ல அவ கல்யாணந்தான நிக்கும்? மாப்ள வீட்டுக்காரக வந்து கேப்பாகல்ல?"

ஐந்து பேர் உட்கார்ந்த அறையில் யாருக்கும் தோன்றாத காட்சி அது. மாப்பிள்ளை வீட்டார் வந்து நடுக்கூடத்தில் உட்கார்கிறார்கள், பை பரணில் இருக்கிறது, மகன் காபி கொண்டுவருகிறான். இரண்டாம் பாதியின் முதல் காட்சி எங்களுக்குக் கிடைத்துவிட்டது. சித்திக்கு அங்கம், உச்சம், லீட், பே ஆஃப் எதுவும் தெரியாது. ஒரு வீட்டில் ஒரு தப்பு நடந்தால் அது யார் யார் தலையில் விடியும் என்பது தெரியும்.

எழுத வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பயிற்சி. உங்கள் ஒன் லைனை சினிமாவோடு சம்பந்தமில்லாத நாலு பேரிடம் சொல்லுங்கள்: ஒரு பெரியவர், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, வீட்டில் ஒரு பெண், தெருவில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர். "நல்லா இருக்கு" என்ற பதிலை மதிக்க வேண்டாம். அது மரியாதைக்குச் சொல்வது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் நாலு வேறு ஆட்களைப் பற்றி விசாரித்தால் கதைக்குள் எல்லோருக்கும் இடம் இருக்கிறது, சீன் ஆர்டர் போட ஆரம்பிக்கலாம். யாருமே எதுவும் கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டால், சண்டை எங்கே பாட்டு எங்கே என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு முடிச்சை மாற்றுங்கள்.